மொட்டைக் குன்றின் விளிம்பில்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

புலமை மிக்க சான்றோர் பலர் சிலம்பைப் பற்றியும் கம்பனைப் பற்றியும் உரையாற்றி அமர்ந்த மேடை இது. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கு விடை கொடுத்துவிட்டு, இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்தக் கரக்பூர் யார்டில் சரக்குப் பெட்டிகளின் எண்களை ஏட்டில் எழுதுவதையே தொழிலாகக் கொண்ட எங்களுக்கு, இதே மேடையில் பேசும் தகுதி உண்டோ என்ற ஐயம் இப்பொழுதும் நீங்கியபாடில்லை. ஆயினும், "நீங்கள் அந்தமான் சென்று வந்தீர்களே, அதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள், மலருக்கு ஒரு படமும் கொடுங்கள்" என்று மலர்க் குழுவினர் அன்போடு பணித்தனர். பேச இசைந்தோம். படத்தைப் பற்றி இறுதியில் கூறுவோம்.

அந்தமான் என்றவுடன் சிறைச்சாலையைப் பற்றிப் பேசுவோம் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். 1906-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட அச்சிறையையும், அங்கே வாடிய தேசபக்தர்களையும் பற்றிப் பேச அறிஞர் பலர் இருக்கின்றனர். நக்கவாரத்தைச் சோழர் கல்வெட்டில் படித்துக் காட்டவும் வல்லுநர் உண்டு. நாங்கள் பேச எடுத்துக்கொண்டது ஒரு சிறு பாறை. அதன் மேல் நாங்கள் நின்றது அரை மணி நேரத்திற்கு மேல் இராது. அந்த அரை மணி நேரம் எங்களுக்குக் கற்பித்ததை மட்டும் உங்கள் முன் வைக்கின்றோம்.

அன்பர்களே! இரயில்வே ஊழியன் இரயிலே இல்லாத நாட்டுக்குப் போவது ஒரு விந்தையான அனுபவம். 2025-ஆம் ஆண்டு ஜனவரியில், விடுமுறைப் பயணச் சலுகையைப் பயன்படுத்தி, துணைவியாரும் பதினேழு வயது மகனும் பத்து வயது மகளும் உடன்வரக் கொல்கத்தாவில் விமானம் ஏறினோம். சற்றேறக்குறைய இரண்டு மணி நேரத்தில் வங்கக் கடலைக் கடந்து இறங்கினோம். போர்ட் பிளேர் என்று நாம் பள்ளியில் படித்த அந்நகருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றப்பட்டது. ஆயினும் கடைத்தெருவில் பழைய பெயரே இன்னும் நாவில் வழங்குகிறது.

அங்கே இறங்கியதும் எங்கள் கருத்தைக் கவர்ந்தது வானமோ கடலோ அன்று, கடிகாரம்தான். காலை ஐந்தே முக்கால் மணிக்கெல்லாம் நன்றாகப் பொழுது புலர்ந்துவிடுகிறது. மாலை ஐந்தரை மணிக்குள் ஞாயிறு மறைந்துவிடுகிறான். காரணம் எளிது. நம் நாட்டு நேரம் 82½ பாகை தீர்க்கரேகையைக் கொண்டு கணிக்கப்படுகிறது. அந்தத் தீவு நகரமோ 92¾ பாகையில் இருக்கிறது. ஆகவே ஞாயிறு நம் கடிகாரத்தைவிட நாற்பது நிமிடங்களுக்குச் சற்று அதிகமாகவே முந்தி நடக்கிறான். 1906-இல் இந்திய நேரம் ஒன்று ஏற்படுமுன், இந்நாட்டு இரயில்வேக்கள் சென்னை நேரத்தையே கைக்கொண்டிருந்தன என்று மூத்த ஊழியர்கள் எங்களுக்குச் சொல்லியிருக்கின்றனர். நேரம் என்பது மனிதர் ஒப்புக்கொண்டு இட்ட கோடு. ஞாயிறு அக்கோட்டைக் கண்டுகொள்வதில்லை. கோடுகளைப் பற்றிய இந்த எண்ணம் அன்றே எங்கள் உள்ளத்தில் புகுந்துவிட்டது என்று இப்பொழுது தோன்றுகிறது.

இன்னொன்றும் எங்களை மகிழ்வித்தது. 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அத்தீவுகளில் வாழ்வோரில் ஏறக்குறைய 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். வங்காளியும் தெலுங்கரும் மலையாளியும் தமிழரும் ஒருவரோடொருவர் ஒருவகை இந்தியில் பேசிக்கொள்கின்றனர். வீட்டுக்குள் நுழைந்ததும் அவரவர் மொழிக்குத் திரும்பிவிடுகின்றனர். கரக்பூர்க் குடியிருப்புகளில் நாம் வாழும் வாழ்வும் இதுதானே! நாங்கள் அமர்த்திய வாடகைக் கார் ஓட்டுநரும் ஒரு தமிழரே. முப்பத்தைந்து வயதிருக்கும். பிறந்தது தீவில், ஆனால் தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கூலி வேலைக்குக் கப்பலேறி வந்தவராம். வாயைத் திறந்தால் தாமிரபரணிக் கரைப் பேச்சுதான். எங்களை 'அண்ணாச்சி' என்றும், துணைவியாரை 'மயினி' என்றும் முதல் நாளே அழைக்கத் தொடங்கிவிட்டார். நாங்களும் அவரைத் 'தம்பி' என்றே அழைத்தோம்.

மூன்றாம் நாள் பிற்பகல், "சிடியா தாபு போவோம் அண்ணாச்சி. அங்கன மொட்டைப் பாறையில நின்னு பாத்தாத்தான் அந்தமானைப் பாத்த மாதிரி" என்று அவர் அழைத்துச் சென்றார்.

நகரிலிருந்து தெற்கே ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தொலைவில், தெற்கு அந்தமான் தீவின் தென்கோடியில் அமைந்திருப்பது சிடியா தாபு. இந்தியில் 'பறவைத் தீவு' என்பது பொருள். உண்மையில் அது தனித் தீவன்று. கடலுக்குள் நீண்ட நிலமுனை. வழி நெடுகிலும் பாக்குத் தோப்புகளும் வாழையும் தென்னையும் பச்சைப் பட்டு விரித்தாற்போலத் தோன்றுகின்றன. பர்மா நாலா என்னும் ஊரைக் கடந்ததும் சாலை கடலை ஒட்டியே செல்கிறது. நீர் வடிந்திருந்த வேளையாதலின் கரையெங்கும் கரும்பாறைகள் முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தன.

சிடியா தாபுக் கடற்கரையில் இறங்கியதும் நாங்கள் கண்டது அழகன்று, ஒரு மயானம். பெரிய பெரிய மரங்கள், வேரோடு சாய்ந்தும் பட்டுப்போய் நின்றும், வெண்ணிற எலும்புகள் போல மணலிலும் நீரிலும் பரவிக் கிடக்கின்றன. இலுப்பை இனத்தைச் சேர்ந்த கடலோர மரங்களும் அவற்றுள் உண்டு. அங்குள்ளோர் 'கடல் மகுவா' என்கின்றனர். வேர்களின் உயரம் எங்கள் மகளின் உயரத்தைவிட அதிகம். சுற்றுலா வந்த பெருமக்கள் அவற்றின்மீது ஏறி நின்று படமெடுத்துக்கொண்டிருந்தனர்.

"இதெல்லாம் புயல்ல விழுந்ததா தம்பி?" என்று எங்கள் துணைவியார் கேட்டார்.

"இல்ல மயினி. மரம் நின்ன எடத்துலதான் நிக்கி. தரைதான் எறங்கிப் போச்சு" என்றார் அவர்.

அன்பர்களே! இவ்விடத்தில் சற்று நின்று விளக்குவது நன்று. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, காலை 6.30 மணிக்குச் சற்று முன்னர், சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் 9.1 அளவில் நில நடுக்கம் ஏற்பட்டது. இந்திய நிலத்தட்டு அத்தீவு வரிசையின் கீழே நுழைந்து செல்லும் எல்லையில், சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாறை பிளந்து நகர்ந்தது. ஆழிப் பேரலையைப் பற்றி நாம் அனைவரும் அறிவோம். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆனால் அலை வந்து திரும்பிப் போயிற்று. அந்தமானிலோ நிலமே தன் உயரத்தை மாற்றிக்கொண்டுவிட்டது. வட அந்தமானில் நிலம் உயர்ந்து பவளப் பாறைகள் நீருக்கு வெளியே வந்து மடிந்தன. தெற்கு அந்தமானில் நிலம் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. நாட்டின் தென்கோடியாகிய இந்திரா முனையில் நான்கு மீட்டருக்கும் மேல் தாழ்ந்து, அங்கிருந்த கலங்கரை விளக்கத்தின் அடியில் கடல் வந்துவிட்டது. சிடியா தாபு மரங்கள் நின்ற இடத்திலேயே நின்றன. உப்பு நீர்தான் அவற்றின் வேரைத் தேடி வந்தது.

கடற்கரையிலிருந்து மொட்டைப் பாறைக்குக் காட்டு வழியே ஒன்றரை இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். 'முண்டா பஹாட்' என்பது அதன் பெயர். மொட்டைக் குன்று என்று நாம் தமிழில் சொல்லலாம். வழி ஏறியும் இறங்கியும் செல்கிறது. மரவேர்களே படிக்கட்டுகள். பட்டப் பகலிலும் நிழல் மண்டிக் கிடக்கும் அக்காட்டில், இலைகளின் இடுக்கு வழியே கடல் நீலத் துண்டுகளாகத் தெரிந்து தெரிந்து மறைந்தது. எங்கள் துணைவியாருக்கு முழங்கால் வலி. "நீங்கள் போய் வாருங்கள்" என்று இருமுறை கூறிவிட்டு, இருமுறையும் எழுந்து நடந்தார். நடந்தோம், வியர்த்தோம், மீண்டும் நடந்தோம். திடீரென்று மரங்கள் விலகின.

அப்பொழுது கண்ட காட்சியை எவ்வாறு கூறுவது! புல் மட்டுமே போர்த்த ஒரு குன்றின் நெற்றி. அதற்கப்பால் செங்குத்தாக இறங்கும் கரும்பாறை. கீழே வெண்ணுரை. அந்நுரைக்கு வெளியே இளம்பச்சை, அதற்கப்பால் கரும்பச்சை, அதற்கும் அப்பால் நீலம், நீலமும் கருத்து மையாகிற இடத்தில் வானம் தொடங்குகிறது. தெற்கே, மக்பர்சன் நீரிணைக்கு அப்பால், ரட்லண்டுத் தீவின் மலை முகில் தொட்டு நிற்கிறது. தலைக்கு மேலே வெண்வயிற்றுக் கடற்கழுகு ஒன்று, சிறகை அசையாமல் விரித்தபடி, காற்றின்மேல் படுத்திருப்பது போல் மிதந்தது. அலை வந்து பாறையின் குகைகளில் மோதும்பொழுது எழும் ஓசையைக் காதால் கேட்கு முன் உள்ளங்காலால் கேட்டோம். சரக்கு வண்டி யார்டுக்குள் நுழையும்பொழுது தரை அதிர்வதை நாம் அறிவோம் அல்லவா? அதே அதிர்வு! எங்கள் மகள் சிறிது நேரம் வாய் பேசவில்லை. அவள் பேசாதிருந்ததை நாங்கள் கண்டது அதுவே முதல் முறை.

தெற்கு அந்தமானின் கீழ்க்கரையில் பல இடங்களில், ஒரு காலத்தில் ஆழ்கடலின் அடித்தளமாயிருந்த எரிமலைப் பாறைகள், நிலத்தட்டுகளின் நெருக்குதலால் மேலே தள்ளப்பட்டு நிற்கின்றன என்று அறிஞர் கூறுவர். நிலமென்று நாம் மிதித்து நிற்பது ஒரு நாள் கடலுக்கு அடியில் இருந்தது. ஒரு நாள் மீண்டும் அங்கே போகக் கூடும். அந்த இரண்டு நாள்களுக்கும் இடையில் மனிதன் வந்து நின்று, "ஆகா, என்ன அழகு!" என்று கூறிவிட்டுப் போகிறான்.

குன்றின் நெற்றியில், விளிம்புக்குச் சில அடிகள் முன்னதாக, தலையளவு கருங்கல் ஒன்று கிடந்தது. அதன் முகத்தில் யாரோ சுண்ணாம்பு தடவியிருந்தனர். ஓட்டுநர் அதைச் சுட்டிக் காட்டினார்.

"அண்ணாச்சி, இந்தக் கல்லுக்கு அங்கிட்டுப் போகாதீய. மேல பாத்தாப் புல்லு, கெட்டியாத்தான் தெரியும். அடியில மழை அரிச்சிருக்கும்."

அந்தக் கல்லைக் கண்டதும் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. ஏனெனில் அது எங்கள் தினசரிப் பழக்கம்! இங்கே அமர்ந்திருக்கும் இரயில்வே அன்பர்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. தாய்மார்களுக்காகவும் குழந்தைகளுக்காகவும் கூறுகின்றோம். இரண்டு தண்டவாளப் பாதைகள் ஒன்றுசேரும் இடத்தில், அவற்றின் நடுவே வெள்ளை பூசிய ஒரு கல் பதிக்கப்பட்டிருக்கும். அதைப் 'பௌலிங் மார்க்' என்பர். நிறுத்தி வைத்த பெட்டி எதுவும் அக்கல்லைத் தாண்டி நிற்கலாகாது. தாண்டி நின்றால் அடுத்த பாதையில் வரும் வண்டி அதன்மீது உரசும். உரசினால் உயிர் போகும். இருபத்திரண்டு ஆண்டுகளாக நாங்கள் அக்கல்லைக் கண்காணித்து வருகின்றோம். புதிதாக வேலையில் சேர்ந்த இளைஞர்களை அழைத்துச் சென்று, "தம்பி, ஒரு சாண் தானே என்று எண்ணாதே, ஒரு சாணில்தான் எல்லாம் இருக்கிறது" என்று எத்தனையோ பேருக்கு உபதேசம் செய்திருக்கின்றோம். ஆகவே அந்தப் பாறையில் நின்று, எங்கள் மக்கள் இருவருக்கும் பௌலிங் மார்க்கைப் பற்றி ஒரு சிறு சொற்பொழிவே ஆற்றினோம். பெருமையோடு ஆற்றினோம்.

அதன் பின் நடந்ததைக் கூற நாணுகின்றோம். ஆனால் அதைக் கூறாவிடில் இவ்வுரைக்குப் பயனில்லை.

மலருக்குப் படம் வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. மகனைக் கல்லருகே நிறுத்திக் கைப்பேசியை எடுத்தோம். கடல் முழுதும் படத்தில் விழவில்லை. ரட்லண்டு மலை பாதியில் அறுந்தது. "இன்னும் ஓரடி பின்னால்" என்றோம். அவன் நகர்ந்தான். கண்ணைக் கைப்பேசியில் பதித்தபடியே, "இன்னும் ஓரடி" என்றோம். எங்கள் மகன் சொல்லைத் தட்டாத பிள்ளை. அவன் கல்லைத் தாண்டினான். தாண்டச் சொன்னது வேறு எவருமல்லர்; பௌலிங் மார்க்கைப் பற்றி அப்பொழுதுதான் பேசி முடித்த நாங்களே.

புல் பூத்த மண், அவன் குதிகால் பட்ட இடத்தில், ஓசையின்றி விட்டது.

ஓட்டுநர் எப்பொழுது ஓடினார் என்று நாங்கள் அறியோம். அவர் கை எங்கள் மகனின் சட்டையையும் தோளையும் சேர்த்துப் பற்றியிருந்தது. இருவரும் கல்லுக்கு உட்புறமாக விழுந்தனர். பெயர்ந்த மண்ணும் கற்களும் பாறையின்மீது உருண்டு சென்று நீரில் விழுந்த ஓசை எங்கள் செவிக்கு வரச் சற்று நேரம் பிடித்தது. அந்தச் சிறிது நேரம் எவ்வளவு நீளமானது என்பதை, அன்பர்களே, எந்தக் கடிகாரத்தாலும் அளந்து கூற இயலாது.

மகனுக்கு உள்ளங்கையிலும் முழங்காலிலும் தோல் உரிந்திருந்தது, அவ்வளவுதான். ஓட்டுநரின் முழங்கையில் இரத்தம் கசிந்தது. துணைவியார் தம் சேலைத் தலைப்பால் முதலில் ஓட்டுநரின் கையைத் துடைத்தார். பிறகே மகனிடம் சென்றார். எங்களை அவர் ஒரு சொல்லும் கடிந்துரைக்கவில்லை. கடிந்துரைத்திருந்தால் எளிதாயிருந்திருக்கும். மகன்தான், "அப்பா, ஒன்றுமில்லை அப்பா" என்று எங்களுக்கு ஆறுதல் கூறினான். மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் ஆறுதல் பெற்று நின்றோம்.

சற்று நேரம் எல்லோரும் மரநிழலில் அமர்ந்திருந்தோம். அப்பொழுது ஓட்டுநர் எழுந்து போய், அந்தக் கல்லை இரு கைகளாலும் பற்றி, ஏறக்குறைய ஒரு முழம் உட்புறமாக நகர்த்தி வைத்தார்.

"போன வருசம் இது இன்னும் ரெண்டு முழம் முன்னால கெடந்துச்சு அண்ணாச்சி. மழை முடிஞ்சு நான்தான் உள்ள தள்ளி வச்சேன். இந்த வருசம் தள்ளுனது பத்தாது போலுக்கு" என்றார்.

அக்கல்லை அவ்விடத்தில் வைத்தவர் அவரே என்பது அப்பொழுதுதான் எங்களுக்குத் தெரிந்தது. எவரும் அவரை அப்பணிக்கு அமர்த்தவில்லை. எவரும் ஊதியம் தரவில்லை. ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பொழியும் தீவு அது. ஒவ்வொரு மழைக் காலமும் முடிந்த பின், முதல் முறை விருந்தினரை அங்கே அழைத்து வரும்பொழுது, விளிம்பைக் காலால் தட்டிப் பார்த்துக் கல்லைத் தள்ளி வைத்துவிட்டுப் போவாராம்.

"ஏன் தம்பி இந்த வேலை உனக்கு?" என்று கேட்டோம். அதற்கு அவர் கூறியதைச் சுருக்கிச் சொல்கின்றோம்.

சிப்பிகாட் என்னும் இடத்தில் அவர் தந்தைக்குச் சிறிது நெல் வயல் இருந்தது. கூலியாக வந்தவர், இருபது ஆண்டு உழைத்து உண்டாக்கிய நிலம். நான்கு மூலையிலும் எல்லைக் கல் நட்டு, பொங்கல்தோறும் அவற்றுக்குச் சுண்ணாம்பு அடிப்பாராம். 2004-இல் நம் ஓட்டுநருக்கு வயது பதினைந்து. அந்த ஞாயிற்றுக்கிழமை கடல் அவ்வயலுக்குள் வந்தது. அலை வற்றும், நீர் வடியும், உப்பைக் கழுவி மீண்டும் பயிரிடலாம் என்று தந்தை காத்திருந்தார். நீர் வடியவே இல்லை. நிலம் தாழ்ந்துவிட்டதே, நீர் எங்கே போகும்? ஒவ்வொரு நாளும் ஓதம் ஏறும், இறங்கும், வயல் மட்டும் திரும்பி வராது. பல மாதம் காலைதோறும் அவர் தந்தை அங்கே சென்று, வரப்பு எங்கே இருந்தது என்று நீரில் தேடிக்கொண்டு நின்றாராம்.

"எல்லைக்கல்லு நாம நட்டது அண்ணாச்சி. கடலுக்கு அது தெரியாதுல்லா? நாமதான் பாத்துப் பாத்துத் தள்ளி வச்சுக்கிடணும்" என்று முடித்தார்.

அன்பர்களே! பத்தாம் வகுப்புப் படித்த எங்களுக்கு அன்று ஒரு பாடம் விளங்கிற்று. கல் இருந்தால் போதும் என்று எண்ணியிருந்தோம். கல்லைக் கண்காணிப்பவன் ஒருவன் வேண்டும். அவன் சொல்லுக்குச் செவி சாய்க்கும் அடக்கமும் வேண்டும். இவ்விரண்டும் இல்லாத இடத்தில் சுண்ணாம்பு தடவிய கல் வெறும் கல்லே.

இரயில்வேக்காரர்களாகிய நமக்கு இது புதிய செய்தியன்று. 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு, இராமேசுவரம் தீவில், தனுஷ்கோடியை நெருங்கிக்கொண்டிருந்த பயணிகள் வண்டியைப் புயலலை வாரிச் சென்றது. வண்டியில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்தத் தனுஷ்கோடி நிலையம் மீண்டும் எழவே இல்லை. அதற்குச் சரியாக நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 2004-இல், இலங்கையின் தென்மேற்குக் கரையில் பெரலிய என்னும் ஊரருகே முதல் அலை கண்டு ஒரு வண்டி நின்றது. இரும்பு வண்டி காக்கும் என்று நம்பி ஊர் மக்களும் அதில் ஏறிக்கொண்டனர். அடுத்த பேரலை வண்டியையே புரட்டியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இரும்பையும் நம்பினர், கோட்டையும் நம்பினர். கடல் இரண்டையும் தாண்டி வந்தது.

ஆனால் அதே நாளில், சின்ன அந்தமான் தீவில் வாழும் ஓங்கே என்னும் தொல்குடி மக்கள் பிழைத்தனர். கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கியதைக் கண்டவுடன் அவர்கள் கரையை விட்டு மேட்டுக் காட்டுக்குச் சென்றுவிட்டனர். பள்ளிக்கூடம் அவர்களுக்கு அதைக் கற்பிக்கவில்லை. முன்னோர் சொல்லி வைத்த சொல் கற்பித்தது. பின்வாங்க வேண்டிய நேரம் இது என்று சொல்லும் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். கேட்கும் இளையவரும் இருக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் அன்று பெரியவர் தவறினார், இளையவன் கேட்டான். அதனால்தான் துன்பம் நெருங்கி வந்தது. சொல்லுகிறவர்களின் பொறுப்பு கேட்கிறவர்களின் பொறுப்பைவிடப் பெரிது என்பதை இதற்கு மேல் நாங்கள் விளக்க வேண்டுவதில்லை.

மாலை மயங்கு முன் கடற்கரைக்குத் திரும்பினோம். ஐந்தே கால் மணி அளவில் ஞாயிறு மறையும் காட்சியைப் பட்ட மரங்களின் கிளைகளினூடே கண்டோம். செம்பொன் உருக்கி ஊற்றியது போலக் கடல் ஒளிர்ந்தது. அழகு குறையவில்லை, ஆனால் அதைக் கண்ட கண் மாறியிருந்தது. 1872 பிப்ரவரி 8-ஆம் நாள், அத்தீவுகளைப் பார்வையிட வந்த இராசப்பிரதிநிதி மேயோ பிரபு, ஹாரியட் குன்றின்மேல் ஞாயிறு மறைவதைக் காணத் தங்கி, இருள் கவிந்த பின் இறங்கி வந்தபொழுது, படகுத் துறையில் ஷேர் அலி என்னும் கைதியால் குத்திக் கொல்லப்பட்டார் என்பது வரலாறு. காட்சியைக் காண ஏறுபவர்கள், இறங்கும் வழியையும் இறங்கும் நேரத்தையும் எண்ணி ஏறுவது நன்று.

உங்களில் எவரேனும் அத்தீவுகளுக்குச் செல்வீராயின், சில சொற்களை எங்கள் நினைவாக எடுத்துச் செல்லுங்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை மழை குறைந்த காலம், பாதை வழுக்காது. அங்கே மாலை விரைந்து வரும். உங்கள் ஊர்க் கடிகாரப் பழக்கத்தை நம்பாமல், பிற்பகல் தொடக்கத்திலேயே காட்டு வழியில் நடந்துவிடுங்கள். உவர்நீர் முதலை உலவும் கடற்கரைகள் பல. எச்சரிக்கைப் பலகை கண்ட இடத்தில் நீரில் இறங்காதீர்கள். பிடிமானமுள்ள காலணி அணியுங்கள். இவை அனைத்துக்கும் மேலாக, உள்ளூரார் ஒருவர் "இதற்கு அப்பால் வேண்டாம்" என்றால், ஏன் என்று கேளாமல் நின்றுவிடுங்கள். அவர் அச்சொல்லுக்குக் கொடுத்த விலை என்னவென்று நீங்கள் அறியமாட்டீர்கள்.

விடைபெறும் நாளில் விமான நிலையத்தில் ஓட்டுநருக்குப் பணம் கொடுக்க முயன்றோம். வாடகைக்கு மேல் ஒரு ரூபாயும் அவர் பெறவில்லை. "ஊருக்குப் போனாத் தம்பியை நல்லாப் படிக்க வையுங்க அண்ணாச்சி" என்றார். நம் சங்கத்தின் சென்ற ஆண்டு மலர் ஒன்றைக் கொடுத்தோம். அதை இரு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இறுதியாக, அந்தப் படம். நாங்கள் திடுக்கிட்ட அதே கணத்தில் எங்கள் விரல் பட்டு, கைப்பேசி ஒரு படத்தைப் பிடித்துவிட்டது. அதில் கடல் முழுதும் இருக்கிறது. ரட்லண்டு மலையும் முழுமையாக விழுந்திருக்கிறது. நாங்கள் விரும்பிய காட்சி அதுவே. ஆனால் எங்கள் மகனின் முகம் அதில் இல்லை. ஓரத்தில் ஒரு நீலச் சட்டையும், அதைப் பற்றிய ஒரு கையும் மட்டுமே இருக்கின்றன.

மலர்க் குழுவினர் எங்களைப் பொறுத்தருள வேண்டும். அப்படத்தை இம்மலருக்கு நாங்கள் தரவில்லை. அது எங்கள் வீட்டில், பூசை மாடத்தின் அருகில், கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. வேலைக்குப் புறப்படுமுன் நாள்தோறும் அந்தக் கையைப் பார்த்துவிட்டுத்தான் யார்டுக்குச் செல்கின்றோம்.